இட்லிப்பூச் செடியின் வேஷக்காரி

திண்டுக்கல் பேகம்பூரில் சேக் பரீது வீட்டுக் கொல்லையில், பிரியாணிக்குத் தம் போடும் தேக்சாக்கள் கவிழ்ந்து கிடக்கும் கொட்டகைக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவே, ஓர் இட்லிப்பூச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, யாரையும் கேட்காமல் சிவப்பாகப் பூத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆடி பிறந்ததிலிருந்து அந்தச் செடிக்குத் தினமும் நாலு மணிவாக்கில் ஒரு விருந்தாளி வந்தது. அது என்ன என்பதில் வீட்டிலிருந்த மூன்று பேருக்கும் மூன்று அபிப்பிராயம்.

"தேன்சிட்டு" என்றார் பரீது. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். மனிதர் அடுப்பு முன்னால் சூரர். ஆள் முன்னால் ஊமை.

"வண்டுத்தா அது. உர்ர்ருனு சத்தம் வருது பாருங்க" என்றாள் மகள் பாஸிலா. கல்லூரியில் இரண்டாம் வருஷம் வணிகவியல் படிக்கிறவள்.

பரீதின் மனைவி மெஹராஜ் மட்டும் அது குளவி என்று அடித்துச் சொன்னாள். புதினா பறிக்கக் குனிந்தபோது அது அவள் பக்கம் திரும்பி, வயிற்றை வளைத்து, பின்பக்கத்தை நீட்டி மிரட்டியதை அவள் நேரில் பார்த்திருந்தாள். "இன்னும் செத்த நேரம் நின்னிருந்தா கொட்டியிருக்கும்" என்றாள்.

ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் விடவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். தேன்சிட்டு என்றால் கிளையில் உட்காரும். இது உட்காரவே இல்லை. பூவுக்கு முன்னால் காற்றில் அப்படியே நின்றது, ஏதோ நூலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. வண்டு என்றால் பூவுக்குள் தலையை விட்டுப் புரளும். இது தள்ளி நின்றே கருப்பு நூல் போல ஒரு குழலை நீட்டி உறிஞ்சியது, பிறகு அதைச் சுருட்டி வைத்துக்கொண்டது. பச்சையும் மஞ்சளும் கலந்த முதுகு. இடுப்பில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. றெக்கை கண்ணாடி. அதன் வழியாக அந்தப் பக்கத்துப் பூ தெரிந்தது.

கடைசியில் பாஸிலா அதைப் போனில் படம் பிடித்து, எதிலோ போட்டுத் தேடி, முடிவைச் சொன்னாள்.

"மூணு பேரும் அவுட்டு. இது அந்துப்பூச்சியாம்மா."

"அந்தா? சீரகச் சம்பா மூட்டையில பறக்குமே, அதுவா?" மெஹராஜுக்கு அதன் சார்பாக ரோஷம் வந்துவிட்டது. "சும்மா இருடி. இம்புட்டு அழகா இருக்கு."

"அதுக்குச் சொந்தக்காரங்க. இது பகல்ல சுத்துற வகை. வண்டு மாதிரி, குளவி மாதிரி வேஷம் கட்டிக்கிட்டா குருவி கிட்ட வராதாம்."

"அப்ப கொடுக்கு?"

"கொடுக்கெல்லாம் கெடையாது. சும்மா ஆட்டிக் காட்டுறது. இன்னொண்ணு கேளுங்க, கூட்டுல இருந்து வெளிய வரும்போது றெக்கையில பொடி இருக்குமாம். முதத் தடவை படபடன்னு அடிக்கும்போதே எல்லாம் உதிர்ந்துருமாம். அதுக்கப்புறம் வெறுங்கண்ணாடிதான்."

மெஹராஜ் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரம் பார்த்து இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அவள் அதை எடுத்து, தொண்டையை ஒரு தரம் செருமிக்கொண்டு, இருபது வயதுப் பெண்ணின் குரலில் கொஞ்சினாள்.

"ஹலோஓ, பரீது கேட்டரிங், குட் ஈவினிங்! நான் ஃபர்ஹீன் பேசுறேன் சார்!"

ஃபர்ஹீன் என்று அந்த வீட்டில் யாரும் கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த சமாச்சாரம் இது. கேட்டரிங் ஆரம்பித்த புதிதில், பரீதுக்குப் போன் என்றாலே வேர்க்கும் என்பதால் மெஹராஜ்தான் எடுப்பாள். ஒருநாள் ஒரு ஆள், "அட, வீட்டுப் பொம்பளையா? ஆபீஸ்ல யாராச்சும் இருந்தா குடும்மா" என்றான். மெஹராஜுக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ, "இருங்க, மேனேஜர்கிட்ட குடுக்குறேன்" என்றாள். போனை மார்போடு அழுத்திக்கொண்டு பத்து வரை எண்ணினாள். பிறகு குரலைக் கிணற்றுக்குள் இறக்கி, பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து எடுத்த தமிழில் சொன்னாள்: "வணக்கம். மேலாளர் தமிழ்மதி பேசுகிறேன். தங்கள் தேவையைக் கூறலாம்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆள் எழுந்தே நின்றுவிட்டான் போல. "சொல்லுங்க மேடம்" என்றான்.

அந்த ஒரு 'மேடம்' கோலி சோடாவை உடைத்த மாதிரி மெஹராஜின் தலைக்கு ஏறியது. அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

மேனேஜர் என்று ஒருத்தி இருந்தால் முதல் மணிக்கே அவளே போனை எடுப்பாளா? அதற்காக ஃபர்ஹீன் வந்தாள். உப்புக் கூடிவிட்டது, கறி குறைந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிக்க வயதான ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்போது முழங்கால் தேய்ந்த, மூச்சு வாங்குகிற அஜீஸுன்னிசா அம்மா வந்து சேர்ந்தாள். "யா அல்லா" என்ற ஒரு முனகலோடு அவள் பேச ஆரம்பித்தால் எதிர்முனையில் கோபம் பாதியாகிவிடும். ஆள் மாறுவதற்கும் மெஹராஜ் முறை வைத்திருந்தாள். தமிழ்மதி தனியறையில் இருப்பவள், அவளுக்குப் பத்து எண்ணிக்கை. ஃபர்ஹீன் ஓடி வருவாள், மூன்று போதும். அஜீஸுன்னிசா அம்மாவுக்கு மட்டும் எண்ணிக்கை இல்லை. ரப்பர் செருப்பைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக்கொண்டு மெஹராஜ் நாலடி நடப்பாள்.

பரீது எதுவும் சொன்னதில்லை. எப்போதாவது சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி, "இன்னைக்கு மேடம் என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கீரனூரிலிருந்து பானுப்ரியா கூப்பிடுகிற வரைக்கும்.

பழனிப் பக்கத்துக் கீரனூரில் தென்னந்தோப்புக்காரி பானுப்ரியா. திண்டுக்கல்லில் ஒரு விசேஷத்தில் பரீதின் கைப்பக்குவத்தைச் சாப்பிட்டுவிட்டு, ஆவணியில் பேத்தியின் காதுகுத்துக்குக் கிடாய் விருந்து சமைக்கக் கேட்டுப் போன் செய்தாள். எண்ணூறு பேர் விருந்து. பரீது ஊர் எல்லையைத் தாண்டிச் சமைக்கப்போகும் முதல் பெரிய விசேஷம். ஒரு தரம் பேசினால் முடிகிற காரியத்துக்குப் பானுப்ரியா மூன்று மாதம் பேசினாள். பேசப் பிடித்ததால் பேசினாள்.

ஃபர்ஹீனிடம் சேலைக் கலர் கேட்டாள். தமிழ்மதியிடம் பந்தி நேரத்தைப் பயந்து பயந்து உறுதி செய்தாள். அஜீஸுன்னிசா அம்மாவிடம் முட்டிவலியைச் சொன்னாள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு நாலு நாள் வராமல் இருந்ததைச் சொன்னாள். மகளைக் கட்டிக் கொடுத்தபின் வீடு எப்படிக் கிடக்கிறது என்று சொல்லி ஒருநாள் அழுதாள். ஒருத்தியிடம் இன்னொருத்தியைப் பற்றியும் சொன்னாள்.

"ஏனுங்கம்மா, அந்த மேனேஜரம்மாகிட்டப் பேசறதுக்குள்ள எனக்கு வேத்துப் போயிருதுங்க. சிரிக்கவே மாட்டாங்களாட்டம் இருக்குது."

"அது அப்பிடித்தான் மகளே" என்று முனகினாள் அஜீஸுன்னிசா. "படிச்ச புள்ள. மனசுல ஒண்ணும் வச்சுக்காது."

மறுநாள் தமிழ்மதி வழக்கத்துக்கு மாறாக, "தங்கள் பேத்தி நலமா?" என்று விசாரித்தாள். பானுப்ரியாவுக்குத் தாங்கவில்லை. உடனே ஃபர்ஹீனைக் கூப்பிட்டு, "கண்ணு, உங்க மேடம் எங்க பாப்பாவக் கேட்டாங்க!" என்று பூரித்துப்போனாள். இன்னொரு நாள், "உன்னையாட்டம் ஒரு தங்கச்சி எனக்கு இல்லாமப் போச்சே கண்ணு" என்று ஃபர்ஹீனிடம் அவள் சொல்லப்போக, மெஹராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் ஃபர்ஹீனைச் சிடுசிடுவென்று பேசவைத்தாள். பிறகுதான் தனக்கு யார் மேல் பொறாமை என்று யோசித்துப் பார்த்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்திலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பாஸிலா எட்டிப் பார்த்து, "அம்மாவுக்குக் கழண்டுபோச்சு" என்று அத்தா பரீதிடம் சொன்னாள்.

சிரித்து முடித்தபின் ஒரு நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. பானுப்ரியா மூன்று பேரையும் விசாரிக்கிறாள். மெஹராஜ் எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்பதற்கில்லை. அப்படி ஒருத்தி இருப்பதே அங்கே தெரியாது.

பூச்சியின் பெயர் தெரிந்த அந்த வாரம், வியாழக்கிழமை, பானுப்ரியா போனில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம நானும் எங்கூட்டுக்காரரும் வர்றமுங்க. எங்க பக்கம் விருந்து ஆக்கறவங்களுக்குத் தாம்பூலத் தட்டக் கையில குடுத்துத்தான் சொல்லோணும். போன்ல சொன்னா அது சொன்னதாவே ஆகாதுங்க. உங்க மூணு பேருக்கும் மூணு தட்டு எடுத்து வச்சுட்டேன்."

"ஃபர்ஹீனுக்குக் காச்சல் மகளே..." என்றாள் அஜீஸுன்னிசா.

"அச்சச்சோ, அப்ப நா கசாயம் வச்சுக் கொண்டாரேன்."

"தமிழ்மதி திருச்சிக்குப் போனாலும் போகும்..."

"அவிங்க வர்ற வரைக்கும் இருந்து பாத்துட்டே போறமுங்க. உங்களத்தான் அம்மா, கண்ணால பாத்துக் கால்ல உழுகோணும்."

மெஹராஜ் போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். பாஸிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டாள்.

"பக்கத்து வீட்ல மூணு பேரக் கூட்டிட்டு வந்து உக்கார வைங்கம்மா."

"குரலுக்கு எங்கடி போறது?"

"அப்ப உண்மையச் சொல்லிருங்க."

"சொன்னா போயிருவாங்க."

"ஆர்டரா?"

"ஆர்டர் போனாப் போகுது. அத்தா கைக்கு ஊர்ல விசேஷமா இல்ல? பானுப்ரியா போயிருவாங்கடி." சொல்லிவிட்டு மெஹராஜ் வாயைப் பொத்திக்கொண்டாள். தனக்குள் அது இவ்வளவு பெரிதாக உட்கார்ந்திருப்பது சொன்னபிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அவள் கொல்லையில் நின்று தன் குரலில் பேசிப் பார்த்தாள். "நான் மெஹராஜ்" என்றாள். அது ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று சொல்கிறவள் மாதிரி வந்தது. மறுபடி சொன்னாள். இப்போது செத்துப்போன பெரியம்மா பேசினாள். மூன்றாம் தரம் சொன்னபோது அப்படியே பாஸிலா. கணவனிடம் 'ம்' போட்டுப் பேசுவது கணவனின் குரல். மகளிடம் பேசுவது மகளின் குரல். எல்லாப் பொடியும் உதிர்ந்தபிறகு, அந்தப் பக்கத்துப் பூ தெரிகிற வெறுங்கண்ணாடிதான் நடுவில் நிற்குமோ? பூச்சி அவளுக்கு முழங்கை தூரத்தில் நின்று உறிஞ்சிக்கொண்டிருந்தது. "உனக்கென்ன" என்று அதனிடம் சொன்னாள். "உனக்குத் தாம்பூலம் குடுக்க யாரும் வரல."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்துவிட்டார்கள். பானுப்ரியா நல்ல உயரம், வாடாமல்லிக் கலர் சேலை, தலை நிறைய மல்லிகை. கையில் மூன்று எவர்சில்வர் தட்டுகளை அடுக்கிப் பிடித்திருந்தாள். பின்னால் கணவர் ஆண்டிச்சாமி, தோளில் துண்டு, கையில் கசாயம் நிரப்பிய பிளாஸ்க். சமைக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பானுப்ரியா நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டாள். இட்லிப்பூச் செடிக்குப் பக்கத்தில் நாற்காலிகள் போடப்பட்டன.

"என் வீட்ல" என்று மெஹராஜைக் காட்டினார் பரீது.

"வணக்கமுங்க. பேரென்னங்க?"

மெஹராஜ் வாயைத் திறந்தாள். எந்தக் குரலில் திறந்தாலும் மாட்டிக்கொள்வோம் என்று உறைத்தது. மூடிக்கொண்டாள். சிரித்துத் தலையாட்டினாள்.

"மாஸ்டர் ஊட்டுக்காரம்மா பேரு என்னங்க?" பானுப்ரியா இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள். மெஹராஜ் இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்தாள்.

பானுப்ரியாவின் முகம் இளகியது. பரீதின் பக்கம் குனிந்து, "பேச்சு வராதுங்களா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

பரீதுக்கு ஆயுசில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. உண்மை சொல்லியும் அதிகப் பழக்கமில்லை. திணறிப்போய், "ம்" என்றார்.

அடுப்படியிலிருந்து ஒரு டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. பாஸிலா.

அதற்குப்பிறகு பானுப்ரியா மெஹராஜிடம் கையால் பேசினாள். காதைத் தொட்டுக் காட்டி, ஊசி குத்துவது போல் காட்டி, கையை முட்டி உயரத்துக்குத் தாழ்த்திப் பேத்தியைக் காட்டினாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து ஆட்டுக் கொம்பு காட்டினாள். மெஹராஜும் பதிலுக்கு அரிசி, தம், தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் எல்லாவற்றையும் கையாலேயே விளக்கினாள். இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து ஊமைக்கூத்து ஆடிக்கொண்டிருந்ததை ஆண்டிச்சாமி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி, அஜீஸம்மாவ வரச்சொல்லுங்க" என்றாள் பானுப்ரியா கடைசியில். "எங்க, ஒருத்தரையும் காணோமே? இருங்க, போன் போடறேன்."

மெஹராஜின் இடுப்பில் போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. பானுப்ரியா தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள், மெஹராஜின் இடுப்பைப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்க ஆரம்பித்த அந்த நொடியில்தான் விருந்தாளி வந்தது. உர்ரென்ற சத்தத்தோடு இட்லிப்பூவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பானுப்ரியாவின் தலை மல்லிகைக்கு முன்னால் வந்து காற்றில் நின்றது.

"குளவி! ஆடாத, ஆடாத நில்லு!" ஆண்டிச்சாமி எழுந்து துண்டை உருவினார்.

"என்னங்க, தேன்சிட்டுக் குஞ்சுங்க அது!" என்று கண்ணை மேலே உருட்டிக் கத்தினாள் பானுப்ரியா.

"வண்டு" என்றார் பரீது, இந்தச் சமயத்திலும் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு.

பூச்சி வயிற்றை வளைத்தது. ஆண்டிச்சாமி துண்டை முறுக்கி ஓங்கினார். மெஹராஜுக்கு என்ன ஆனது என்று அவளுக்கே தெரியாது. நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தாள்.

"ஏ அப்பு, அடிச்சிராத! யா அல்லா!" என்று அலறினாள் அஜீஸுன்னிசா.

"சார், சார், ப்ளீஸ் சார்!" என்று கீச்சிட்டாள் ஃபர்ஹீன்.

"தயவுசெய்து துண்டைக் கீழே வையுங்கள்!" என்று கட்டளையிட்டாள் தமிழ்மதி.

துண்டு அந்தரத்தில் நின்றது. அதற்கும் மேலே மெஹராஜிடம் மூச்சு மிச்சமிருந்தது. அந்த மிச்ச மூச்சில் வேறொருத்தி பேசினாள். "அதுக்குக் கொடுக்கே இல்லைங்க. பயத்துல அப்பிடி ஆட்டுது. ஒண்ணுஞ் செய்யாது, விட்ருங்க."

கொஞ்சம் கரகரப்பான, முதல் எழுத்தில் லேசாகத் திக்கி எழுகிற குரல். மெஹராஜுக்கே புதிதாக இருந்தது. யாருடைய சாயல் என்று அவள் மனசு அவசரமாகத் தேடிப் பார்த்தது. ஒருவருடையதும் இல்லை.

பூச்சி மல்லிகையில் ஒன்றும் கிடைக்காமல் செடிக்குத் திரும்பிப் போனது.

"இப்ப... ஃபர்ஹீன் பேசுச்சு" என்றாள் பானுப்ரியா மெதுவாக, விரலை நீட்டி.

"ம்."

"அதுக்கு முன்னாடி அஜீஸம்மா."

"ம்."

"மேனேஜரம்மா..." என்று சொல்லும்போதே பானுப்ரியா தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எழுந்ததை உணர்ந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்ப உங்களுக்குப் பேச்சு வருங்களா?" என்றார் ஆண்டிச்சாமி. அவருக்கு அதுவே இன்னும் விளங்கி முடியவில்லை.

பானுப்ரியாவின் முகத்திலிருந்து சிரிப்பு எல்லாம் வடிந்திருந்தது. "எம்பட முட்டிவலி" என்றாள். "மாப்ளை கோவிச்சுட்டுப் போனது. நா அன்னைக்கு அழுதது. இதெல்லாம் நா யாருகிட்டத்தான் சொன்னேன்?"

"எங்கிட்டத்தாங்க" என்றாள் மெஹராஜ். அதே கரகரப்புக் குரல். இனி அதை விட்டால் வேறு வழியில்லை. "மூணு பேரும் போன வச்சுட்டுப் போயிருவாங்க. அப்புறம் நாந்தான் உக்காந்து நெனச்சுக்கிட்டே இருப்பேன். உங்க மாப்ள திரும்பி வந்தன்னைக்கு எங்க வீட்ல பாயாசம் வச்சேன். எதுக்குன்னு இவங்களுக்குத் தெரியாது."

பரீது நிமிர்ந்து பார்த்தார். "ஆமா" என்றார். "வச்சுச்சு."

மெஹராஜ் கொட்டகைக்குள் போய், உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். முட்டிவலிக்குப் பிரண்டை போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். "அஜீஸம்மா தாரேன்னு சொன்ன எண்ணெய். காய்ச்சுனது நாந்தான்" என்று சொல்லிப் பானுப்ரியாவின் காலடியில் வைத்தாள்.

பானுப்ரியா பாட்டிலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஆண்டிச்சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்பலாமா?" என்று மெல்லக் கேட்டார்.

மெஹராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவுதான். போய்விடுவாள்.

"தாம்பூலத்த எடுத்துட்டு வந்துட்டுத் திருப்பிக் கொண்டு போவாங்களாக்கும்?" பானுப்ரியா கணவர் மேல் பாய்ந்தாள். எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முதல் தட்டைக் கையில் எடுத்தாள். தேங்காய், பழம், வெற்றிலைபாக்கு, ஒரு ரவிக்கைத் துணி. "ஃபர்ஹீன்! வா கண்ணு, வந்து வாங்கிக்க."

மெஹராஜுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மூன்று எண்ணினாள். ஓட்டமாக இரண்டடி வைத்தாள். "தேங்க்ஸ் அக்கா! செம கலர் அக்கா!"

"காச்சல் உட்டுருச்சா?"

"உங்க கசாயத்தப் பாத்ததுமே ஓடிருச்சு அக்கா."

பானுப்ரியாவின் உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டாள். "மேனேஜரம்மா!"

பத்து எண்ணி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். "தங்கள் அன்புக்கு நன்றி" என்றாள் தமிழ்மதி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"கொஞ்சம் சிரிச்சுட்டு வாங்குங்க மேடம்."

தமிழ்மதி சிரித்தாள். ஆறு வருஷத்தில் முதல் தரம். அதோடு ஆண்டிச்சாமியும் உடைந்து சிரித்தார். அடுப்படி வாசலில் நின்ற பாஸிலா சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். மூன்றாவது தட்டுக்கு அஜீஸுன்னிசா செருப்பைத் தேய்த்துக்கொண்டு நாலடி நடந்து வந்து, "யா அல்லா, எனக்கு எதுக்கு மகளே இதெல்லாம்" என்றபோது பானுப்ரியா சொன்னபடியே காலில் விழக் குனிந்தாள். மெஹராஜ் பதறி அவள் தோளைப் பிடிக்க, இரண்டு பேரும் பாதிக் குனிந்த நிலையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மூச்சுமுட்டச் சிரித்தார்கள். பரீதின் முகத்தில் சத்தமில்லாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர்.

பானுப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று தட்டும் மெஹராஜின் கையில் அடுக்கடுக்காக இருந்தன.

"உங்களுக்குத்தான் தட்டு கொண்டாரல" என்றாள். "இன்னும் பேரே சொல்லலீங்களே."

"மெஹராஜ்."

"மெஹராஜ்" என்று சொல்லிப் பார்த்தாள் பானுப்ரியா. இன்னொரு தரமும் சொன்னாள். "உங்க தட்டு எங்கூட்டுல இருக்கும். காதுகுத்து அன்னைக்கு வந்து வாங்கிக்கோணும்."

அவர்கள் போனபிறகு மெஹராஜுக்கு வேலை ஓடவில்லை. தட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் துவைக்கிற கல்லில் வைத்தாள், கொட்டகைக்குக் கொண்டுபோனாள், மறுபடி கல்லுக்கே கொண்டுவந்தாள். இட்லிப்பூவில் வெயில் சாய்ந்திருந்தது. அவர்கள் ஒட்டன்சத்திரம் தாண்டியிருக்கும் நேரத்துக்குப் போன் அடித்தது.

எந்தக் குரலும் யோசிக்காமல் எடுத்தாள். "சொல்லுங்க."

"நாந்தானுங்க. அஜீஸம்மாகிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். செத்தக் குடுங்களேன்."

மெஹராஜ் போனை மார்போடு அழுத்திக்கொண்டு, ரப்பர் செருப்பை மாட்டி, சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து நாலடி நடந்தாள். அன்றைக்கு ஆசையாக ஐந்தாவது அடியும் வைத்தாள்.

"யா அல்லா... சொல்லு மகளே."

"அம்மா, உங்க ஆபீஸ்ல புதுசா மெஹராஜ்னு ஒரு புள்ள இருக்குதுங்களே. எப்பிடிங்க அது? நல்ல புள்ளயாட்டந்தான் இருக்குது."

அஜீஸுன்னிசா அம்மா மூச்சு வாங்கினாள். யோசித்தாள்.

"நல்ல புள்ளதான். புதுசு பாரு, கொஞ்சம் பயப்படும்" என்றாள். "நீ அடிக்கடி பேசிக் குடு மகளே. போகப்போகச் சரியாயிரும்."